மார்கழியில் பதிக்காத அடுப்பு

அன்று அந்தச் சமையலறையில் இருந்தவர்கள் ஆறு பேர். வீட்டுக்காரர், நாமக்கல்லுக்கு வெளியே மூன்று கோழிப்பண்ணையும் இரண்டு லாரியும் வைத்திருந்தவர். அவருடைய மனைவி. அவர்களுடைய மகள், சேலம் அஸ்தம்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள், விருந்துக்கு வந்திருந்தாள். அவளுடைய கணவர், என்ஜினீயர் என்று அந்தக் குடும்பம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மாப்பிள்ளை. அடுப்படி வேலை செய்யும் அக்கா. ஆறாவது நான், வயர்மேன், ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆட்களைச் சரியாகச் சொல்லிவிடுவது நல்லது. இவர்களில் மூன்று பேர் பிற்பாடு, இந்த வயர்மேன் அன்றைக்கு அந்தப் பக்கமே வரவில்லை என்று சொன்னார்கள்.

எங்கள் எல்லோருக்கும் நடுவே தரையில் அந்த ஓவன் இருந்தது. எண்பதுகளின் நடுவில் எங்கள் பக்கத்தில் ஓவன் என்றால் பேக்கரிக்காரன் வைத்திருக்கும் செங்கல் அடுப்புதான். இது வேறு. பம்பாய்க்கு முட்டை ஏற்றிக்கொண்டு போன லாரி, அங்கே இடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு பங்களாவிலிருந்து இதை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தது. சீமையில் செய்தது. சுவருக்குள் பதிக்கிற வகை. முகத்துக்கு மட்டும்தான் கண்ணாடியும் பளபளப்பும். பக்கங்களும் முதுகும் வெறும் தகரம். வயர் வந்து சேரும் இடம் பின்னால் மூடியில்லாமல் திறந்து கிடந்தது. சுவருக்குள் போன பிறகு அதெல்லாம் யார் கைக்கும் படாது என்று செய்தவன் நினைத்திருப்பான். அவனுக்கு மார்கழி மாதத்தைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மார்கழி பிறந்து நாலைந்து நாள் கழித்துத்தான் லாரி வந்து சேர்ந்தது. சுவரில் அதற்கென்று பொந்து கார்த்திகையிலேயே தயாராக இருந்தது. ஆனால் மார்கழியில் வீட்டில் புது அடுப்புப் போடக்கூடாது. தை பிறந்துதான் பதிக்க வேண்டும் என்று வீட்டம்மா சொல்லிவிட்டார். அது அவர்கள் வழக்கம், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. பதிக்காமல் விட்டார்கள் என்றால் ஒரு மாதம் சாக்கைப் போட்டு மூடி வைத்திருக்க வேண்டும். ஆனால் இங்கிலீஷ் வருசப் பிறப்பு மார்கழி நடுவிலேதான் வருகிறது. அன்றைக்கு பம்பாய் முட்டை வியாபாரி ஒருத்தர் வீட்டுக்கு வருவதாக இருந்தார். வருசம் முழுவதும் எடுக்கிற ஆள். அவருக்கு நம்ம பண்ணை முட்டையில் செய்த கேக்கை நம்ம வீட்டு ஓவனில் சுட்டுக் கொடுக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் முடிவு பண்ணிவிட்டார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழியை, அடுப்படி அக்கா பிற்பாடு சொல்லக் கேட்டு, நான் இன்று வரைக்கும் மறக்கவில்லை.

"பதிச்சாத்தான அடுப்பு," என்றார். "தரையில வெச்சா அது வெறும் பொட்டி. பொட்டிக்கு ஏது மார்கழி?"

வீட்டம்மா சுவரிலிருந்த பொந்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "அதுஞ் சரிதானுங்க," என்றார்.

கேக்கில் முட்டை போடுவது பற்றியும் அந்த அம்மாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மார்கழிக்குக் கவுச்சி ஆகாதே என்றார். அதற்கும் இவரிடம் பதில் இருந்தது. "நம்ம பண்ணையில சேவலே இல்லையேம்மா. சேவல் இல்லாத முட்டை கத்திரிக்கா மாதிரி." இப்படி ஒரு சாத்திரம் அந்த வீட்டில் வேண்டிய வேளைக்கு வேண்டிய அளவில் சுடச்சுடத் தயாரானது. ஓவனே தேவையில்லை.

என்னைக் கூப்பிட்டது எச்சரிக்கையினால் அல்ல. பியூஸ் போய்விட்டது, அதற்காக. ஒரு தரம் போனதும் மாப்பிள்ளை தானே கட்டியிருக்கிறார். மறுபடியும் போனதும் நாலு இழை வயரை முறுக்கிக் கட்டியிருக்கிறார். அதோடு வீட்டுக்கு வெளியே கம்பத்தில் இருக்கிற பியூஸும் போய்விட்டது. அதைத் தொட அவருக்குத் தைரியமில்லை. அப்போதுதான் ஏழாம் வகுப்பு ஞாபகம் வந்திருக்கிறது.

நான் உள்ளே நுழைந்து பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஓவன் இரண்டு மரப்பெட்டிகளின் மேல் இருந்தது, முட்டை அனுப்புகிற பெட்டிகள். பெட்டிக்கும் ஓவனுக்கும் நடுவே ஆடாமலிருக்கக் காகித முட்டைத் தட்டுகளை மடித்துச் சொருகியிருந்தார்கள். கனத்த பொருள் சூடாகப் போகிறது, அதற்கு அடியில் காய்ந்த மரமும் காகிதமும். முதுகு ஜன்னல் திரைச்சீலையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பிளக் கிடையாது. வயர் நுனிகளைச் சீவி, பிளக் பாயின்டின் ஓட்டைகளில் விட்டு, தீக்குச்சியை ஒடித்துச் சொருகியிருந்தார்கள். மூன்றாவது வயர், பச்சை வயர், தகரத்தில் கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற எர்த்து வயர், அது எங்கேயும் போகாமல் சுருட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. அடியில் மொசைக் தரை, அப்போதுதான் கழுவிவிட்டிருந்தது. அந்த ஈரத்தில் அடுப்படி அக்கா வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார்.

நான் எதற்கும் பயப்படுகிறவன்தான், ஒளிக்க ஒன்றுமில்லை. சுவிட்சை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மழை நாளில், கம்பத்தின் இழுவைக் கம்பியில் உரசிய ஒரு கறவை மாடு நின்ற நிலையிலேயே விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஈரத் தரையைப் பார்த்தால் எனக்கு அந்த மாட்டின் கண்தான் தெரியும்.

"இதத் தொட்டீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"தொட்டனுங் தம்பி. கிர்ருன்னு ஒரு இழுப்பு. எறும்பு ஊர்றாப்பல முழங்கை வரைக்கும் வந்துச்சு."

"அவளுக்கு வாயு," என்றார் வீட்டுக்காரர். "எதத் தொட்டாலும் கிர்ருங்கும்."

"முந்தாநேத்து ஆட்டுக்கல்லத் தொட்டப்ப ஒண்ணுங்கலீங்க," என்றார் அக்கா. சிரிக்காமல்தான் சொன்னார்.

நான் வெளியே போய்க் கம்பத்துப் பியூஸைப் போட்டு, உள்ளே வந்து, பலகை ஒன்றை இழுத்துப் போட்டு அதன் மேல் நின்று, டெஸ்டரை ஓவனின் பக்கத்துத் திருகில் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது.

"பாருங்க, பாடியில கரண்ட் வருது," என்றேன்.

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். படித்தவர்கள் குனிகிற விதமே தனி, இடுப்பு வளையும், கழுத்து வளையாது. "டெஸ்டர் எதுல வெச்சாலும் எரியும். இது மேல எனாமல் கோட்டிங் இருக்குப்பா. கரண்ட் பாயாது. வெளிநாட்டுல இதுக்கெல்லாம் எர்த்தே குடுக்கறதில்லை."

"அப்ப அந்தப் பச்சை வயரை எதுக்குங்க குடுத்திருக்கான்?"

"அது ஸ்பேர்."

ஸ்பேர். இதைச் சொன்னவருக்கு சேலத்தில் ஒரு கம்பெனி மாதச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது. அவருடைய மாமனார் பக்கத்தில் நின்று, அந்த ஸ்பேரைக் கேட்டுப் பெருமையில் தலையாட்டினார்.

"அப்படின்னா நீங்க ஒருக்கா செருப்பக் கழட்டிப்போட்டு ஈரத்துல நின்னு தொட்டுக் காட்டுங்க," என்றேன். எங்கிருந்து அந்த வாய் வந்ததோ தெரியாது.

மாப்பிள்ளை மணியைப் பார்த்தார். சேலத்துக்குப் போன் பண்ண வேண்டியிருந்தது அவருக்கு. முன்கூடத்துக்குப் போய்விட்டார்.

வீட்டுக்காரர் விடவில்லை. "நாளன்னைக்குக் கேக்கு ஆவோணும். பியூஸப் போட்டியா, கெளம்பு. அவ புறங்கையில தொடுவா. நானு சொல்லி வெச்சர்றேன்."

புறங்கை. புறங்கையில் தொட்டால் ஷாக் அடித்தாலும் கை ஒட்டாமல் விலகிவிடும் என்று ஒரு கணக்கு. அவ்வளவுதான் அவர் பார்வையில் அந்த அக்காவின் உயிருக்கு உண்டான ஏற்பாடு. வீட்டம்மாவும் மகளும் பக்கத்தில்தான் இருந்தார்கள். அவர்களுக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. அந்த மகள் கையில் கேக்குச் செய்முறை எழுதிய நோட்டு இருந்தது. அதில் சர்க்கரை எத்தனை கப் என்று அவள் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் போர்டுக்குப் போனேன். சமையலறைக்குப் போகிற லைனின் பியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டை ஜோபியில் போட்டுக்கொண்டேன்.

"என்ன பண்றே?"

"இத நான் வெச்சிருக்கறேனுங்க. எர்த்து போட்டுட்டுத் தர்றேன்."

"வேற வயர்மேனே இல்லையா நாமக்கல்லுல?"

"இருக்காங்க. வரச்சொல்லுங்க. அந்தக்காளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா போலீசு அவரத் தேடிப் போகட்டும்."

போலீஸ் என்ற சொல் அங்கே வேலை செய்தது. அக்காவின் உயிர் செய்யாத வேலையை அந்தச் சொல் செய்தது. இரண்டு லாரி வைத்திருப்பவருக்குப் போலீஸ் என்றால் செலவு.

"சரி, போட்டுத் தொலை. எர்த்துன்னா என்ன பண்ணோணும்?"

"வெளிய குழி தோண்டி, பைப் எறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடோணுங்க."

வீட்டம்மா நெஞ்சில் கை வைத்தார். "மார்கழியில மண்ணு தோண்டறதா? ஆகவே ஆகாது சாமி."

அப்படி நின்றுவிட்டது விசயம். புது அடுப்பைப் பதிக்கக்கூடாது, ஆனால் பதிக்காமல் எரிக்கலாம். ஆள் சாகாமலிருக்க மண்ணைத் தோண்டக்கூடாது, ஆனால் ஆள் செத்தால் தோண்டித்தானே ஆக வேண்டும்? ஜோபியில் இருந்த கட்டையைப் பிடித்துக்கொண்டு, அடங்கி நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அங்கே யாருக்கும் அசிங்கமாக இல்லை.

அக்காதான் வழி சொன்னார். ஈரத் தரையைத் துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"கார்த்திகையில தென்னம்பிள்ளை வெக்கறதுக்குன்னு தோண்டுன குழி ஒண்ணு சலதாரைக்குப் பக்கத்துல அப்படியே கெடக்குதுங்க. அதுல பைப்ப அடிச்சா, அது தோண்டறது ஆகுமாங்க?"

வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி குழி இருக்கும் திசையைப் பார்த்தார்.

"அடிக்கறது தோண்டறதாகாது," என்றார் வீட்டுக்காரர். சாத்திரம் மறுபடியும் சுடச்சுட இறங்கியது.

இடுப்பளவு ஆழக் குழி. அடுப்படித் தண்ணீர் ஓடுகிற சலதாரை ஓரம், எப்போதும் நசநசவென்று ஈரம். எர்த்துக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அன்று மத்தியானமே என் கைக்காசில் எட்டடிப் பைப் வாங்கி வந்தேன். அதில் பாதிக்கு மேல் சம்மட்டியால் மண்ணுக்குள் இறக்கினேன். சுற்றிலும் அடுப்புக்கரி, கல்லுப்பு, மண் என்று மாற்றி மாற்றிப் போட்டுக் குழியை மூடினேன். தாமிரக் கம்பியைப் பைப்பில் முறுக்கி, போல்ட் போட்டு இறுக்கி, ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்தேன். தீக்குச்சிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பதினைந்து ஆம்பியர் பாயின்ட் ஒன்றும் இரும்புப் பெட்டி சுவிட்ச் ஒன்றும் கனமான வயரும் போட்டேன். பின்னால் திறந்து கிடந்த இடத்துக்குத் தகரம் வெட்டி மூடி செய்தேன். வீட்டுக்காரர் இரண்டு தரம் வந்து பார்த்தார். இரண்டு தரமும் கேட்டது ஒன்றுதான்: "இதெல்லாம் எதுக்கு இத்தன?"

இழுப்பு எதனால் என்று அப்புறம் பார்த்தேன். சூடேற்றும் சுருள் பம்பாய் உப்புக்காற்றில் எத்தனை நாள் கிடந்ததோ, உள்ளே ஈரம் வாங்கியிருந்தது. சுருளுக்கும் பாடிக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப், கசிவு பார்க்கிற பல்பு, வைத்தால் மங்கலாகச் சிவந்தது. அதற்கு நாங்கள் மோட்டாருக்குச் செய்வதையே செய்தேன். ஒரு நூறு வாட்ஸ் பல்பை வேறு லைனிலிருந்து இழுத்து ஓவனுக்குள் எரியவிட்டுக் கதவைச் சாத்தி வைத்தேன். மறுநாள் காலையில் பல்பை எடுத்துவிட்டு, எர்த்தைக் கொடுத்து, ஜோபியிலிருந்த பியூஸ் கட்டையை நானே போட்டு, ஓவனைக் கொஞ்சமாகச் சூடு வைத்து, வெறுமனே ஓடவிட்டேன், சித்தெ நேரம் போடுவது, சித்தெ நேரம் அணைப்பது. ஓரங்களில் ஆவி வந்தது. பழைய எண்ணெய் நாற்றம் வந்தது. மத்தியானத்துக்கு மேல் டெஸ்ட் லேம்ப் சிவக்கவில்லை. டெஸ்டரும் எரியவில்லை. கட்டையை மறுபடியும் கழற்றி வைத்துக்கொண்டேன்.

"பழைய டெஸ்டர்தான?" என்று மாப்பிள்ளை கேட்டார். "இப்ப மட்டும் நம்பறே?"

அவர் நேற்றைய போனைப் பேசி முடித்துவிட்டார் போலிருக்கிறது, அவ்வளவுதான் எடுத்துக்கொண்டேன்.

மிச்சம் ஒரு கவலை. இந்த ஓவனின் கதவு மேலிருந்து கீழே விழுகிற மாதிரி திறக்கும். சுவரில் திருகிவிட்டால் பாதகமில்லை. தரையில் சும்மா நிற்கும்போது, திறந்த கதவின் மேல் கனத்த தட்டை வைத்தால், மொத்தப் பொட்டியும் முன்னால் குப்புற வரும். யார் நிற்பார்கள் முன்னால்? வேறு யார். அதனால் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் துண்டு ஆங்கிள் இரும்பு வாங்கி, நாலு கால் பரப்பி வைத்த ஒரு ஸ்டாண்டு அடித்தேன். சுவரில் திருகுவதற்கென்று ஓவனின் ஓரத்திலிருந்த ஓட்டைகளிலேயே போல்ட் போட்டு ஸ்டாண்டில் இறுக்கினேன். பின்பக்கம் நீட்டிவிட்ட இரண்டு கம்பிகளின் மேல் ஆட்டுக்கல் குழவியைக் கிடத்தினேன், கனத்துக்கு. கோழிக் கொட்டகையில் மிச்சமிருந்த அஸ்பெஸ்டாஸ் துண்டை அடியில் போட்டேன். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, திரைச்சீலையை அவிழ்த்துச் சுருட்டிக் கொடுத்தேன். அக்கா நிற்பதற்கு ஒரு காய்ந்த பலகை.

சீமை ஓவனுக்குப் பின்னால் குழவிக்கல் படுத்திருந்ததைப் பார்த்து மகளுக்கு அழுகை வந்துவிட்டது. "அவங்க வந்து பாத்தா என்ன நெனப்பாங்கப்பா?" என்றாள். பலகையைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் ஒரு பூப்போட்ட படுக்கை விரிப்பைப் போர்த்தப் பார்த்தாள். சூடாகிற பொருளுக்குப் படுக்கை விரிப்பு. நான் அதையும் பிடுங்கி மடித்து வைத்துவிட்டுத்தான் பியூஸ் கட்டையைத் திருப்பிக் கொடுத்தேன்.

வருசப் பிறப்பன்று என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன். சலதாரைப் பக்கம் நின்று பைப்புக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பலகையின் மேல் நின்று, கையைத் துணியில் துடைத்து, கதவைத் திறந்து, மூன்று பெரிய தட்டுகளைக் கதவின் மேல் இறக்கினார். பொட்டி அசையவில்லை. அக்கா இடது கையைப் பக்கத்துத் தகரத்தில் ஒரு நொடி வைத்தார், வேண்டுமென்றேதான். சூடு பட்டுக் கையை எடுத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "சுடுதுங் தம்பி. அவ்வளவுதான்," என்றார்.

பம்பாய் வியாபாரி வந்தார். மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டை. மாப்பிள்ளை இங்கிலீஷில் பேசி கேக்குத் தட்டை நீட்டினார். அந்த மனிதர் இரண்டு கையையும் கூப்பினார். அவர்கள் வீட்டில் முட்டை தொடுவதில்லையாம். விற்பதோடு சரியாம். டீ மட்டும் குடித்தார். சேவல் இல்லாத முட்டை கத்திரிக்காய்தான் என்று மாமனார் சொன்னதை மாப்பிள்ளை இங்கிலீஷில் திருப்பிப் பார்த்தார். அந்த மனிதர் கத்திரிக்காயும் சாப்பிடுவதில்லை என்று சொல்லிவிட்டதாக லாரி டிரைவர்கள் பிற்பாடு சிரித்துக்கொண்டார்கள். அது நிஜமோ இட்டுக்கட்டியதோ. முட்டை மட்டும் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தது. கேக்கு இல்லாமலிருந்தாலும் போயிருக்கும்.

தை பிறந்தது. கொத்தனார் வந்து பொந்தில் ஓவனைப் பதித்தார். ஸ்டாண்டைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார்கள். எர்த்துக் கம்பி சுவருக்கு மேல் ஓடுவது அசிங்கமாக இருக்கிறது என்று கொத்தனார் வெட்டப் போனபோது அக்கா பாலைக் காய விட்டுவிட்டு வந்து மறித்திருக்கிறார். "அத வெட்டுனா நானு நாளைக்கு வேலைக்கு வாரதில்லீங்க," என்றாராம். வீட்டம்மாவுக்கு வேறு ஆள் கிடைப்பது கஷ்டம். கம்பி தப்பித்தது. அந்த ஓவனில் அதற்கப்புறம் எத்தனை தரம் கேக்குச் சுட்டார்கள் என்று கேட்டால், ஒரே தரம். பிறகு அதற்குள் பெருங்காய டப்பாவும் பழைய கணக்கு நோட்டும் வைத்தார்கள். ஆனாலும் நான் அந்தத் தெருவில் போனால் ஏதாவது சாக்குச் சொல்லி உள்ளே போய், கம்பி பைப்பில் இறுக்கமாக இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

செலவுச் சீட்டைப் பொங்கல் கழிந்துதான் கொடுத்தேன். பைப், கரி, உப்பு, தாமிரம், பாயின்ட், சுவிட்ச், வயர், ஆங்கிள், இரண்டு நாள் கூலி. நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய். வீட்டுக்காரர் அதை மாப்பிள்ளை கையில் கொடுத்தார். மாப்பிள்ளை பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏம்ப்பா, யாருக்காச்சும் ஷாக் அடிச்சுதா?"

"இல்லீங்க."

"ஓவன் கவுந்துதா?"

"இல்லீங்க."

"தீப்புடிச்சுதா?"

"இல்லீங்க."

"அப்பறம் எதுக்கு இதெல்லாம்?" என்றார். மாமனாரைப் பார்த்தார். "ஒண்ணுமே ஆகலை மாமா. பயத்துக்கு நாம காசு குடுக்க முடியுமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் வீட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்தும்போதுதான் வந்தது, வந்து என்ன பயன். ஏதாவது ஆகியிருந்தால் கொடுத்திருப்பார்களா என்று கேட்டிருக்கலாம். ஆகியிருந்தால் அக்கா வீட்டுக்கு ஒரு நூறு ரூபாய் கொடுத்து, மார்கழி மேல் பழியைப் போட்டிருப்பார்கள்.

எனக்கும் அன்று நூறு ரூபாய்தான் கொடுத்தார்கள். மிச்சத்தை இந்தா அந்தா என்றார்கள், அப்புறம் சொல்வதையும் விட்டுவிட்டார்கள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மாப்பிள்ளை ரிட்டயர் ஆகிவிட்டார், கல்யாண வீடுகளில் பார்த்தால் என்னைத் தெரியாது என்பார். அடுப்படி அக்கா எண்பது தாண்டி, பேரன் வீட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறார். அந்த வீட்டிலிருந்து எனக்கு இன்றைக்கும் வர வேண்டியது முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.